மலைப்பக்கம் வைத்த சுமை

எங்கள் ஊருக்கு ஏறி வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. யாரும் சட்டம் போட்டு வந்த பழக்கமல்ல. பேருந்து நிற்கும் அடிவாரத்திலிருந்து ஊருக்கு ஆறு மைல், ஏறி முடிக்க நாலு மணி நேரம். நடுவில் இரண்டு இடத்தில் மரத்தை வெட்டிச் சாய்த்துத்தான் படி. கழுதைகூட ஏறாது. உப்பு, மண்ணெண்ணெய், கூரைத் தகரம், தையல் மிஷின், பள்ளிக்கூடத்துக் கரும்பலகை எல்லாமே யாராவது ஒருவர் முதுகில்தான் வந்து சேர வேண்டும். அடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. ஊருக்கு வர வேண்டிய சாமான் அங்கே காத்திருக்கும். ஏறுகிறவர் தன்னால் முடிந்ததை எடுத்துவந்து பள்ளிக்கூடத்து முன்னால் இறக்குவார். உடையவர் வந்து எடுத்துக்கொள்வார். யாருடையது, எதற்கு என்ற கேள்வியெல்லாம் கிடையாது.

நான் கீழ் ஊர்ப் பெண். கல்யாணமாகி முதல் தடவை ஏறியபோது என் கையில் ஒரு ஜன்னல் கண்ணாடியைக் கொடுத்தார்கள். புதுப்பெண் என்பதால் கனமில்லாததாகத் தேடி எடுத்துக் கொடுத்தார்களாம். மாப்பிள்ளை முதுகில் ஒரு இரும்பு அடுப்பு. வழியில் பார்த்தவர்கள் எங்களை வீடு காலி செய்கிறவர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அன்றைக்கே அவர் எனக்குப் பாதை நியாயங்களைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். சுமையைப் பள்ளத்துப் பக்கம் இறக்கி வைத்திருந்தால், உடையவர் பக்கத்தில்தான் இருக்கிறார், தொடாதே என்று அர்த்தம். மலைப்பக்கம் இறக்கி வைத்திருந்தால், என்னால் முடியவில்லை, அடுத்து வருகிறவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். எந்தப் பக்கமானாலும் சரி, அடியில் இரண்டு சின்னக் கல் வைத்து அதன்மேல்தான் இறக்க வேண்டும். அடுத்துத் தூக்குகிறவருக்கு விரல் நுழைய இடம் வேண்டுமல்லவா.

என் வீட்டுக்காரருக்கு ஊரில் "மனு" என்று பெயர். வருடத்துக்கு ஒரு மனு போடுவார், ரோடு கேட்டு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். நான் எட்டாவது வரை படித்தவள். அந்த மலையில் வாத்தியாரை விட்டால் அதிகம் படித்த ஆள் நான்தான். அவர் சொல்வது எப்போதும் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். நான் அதைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, "தாழ்மையுடன்" என்று தொடங்கி எழுதுவேன். எழுதி முடித்ததும் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். "நான் சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே" என்பார். பிறகு கையெழுத்துப் போடுவார்.

அவர் ஏன் அப்படிப் பிடித்த பிடியாக நின்றார் என்பதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் பாதையில் பிறந்தாள். வலி கண்டு இரண்டாம் நாள் நாலு பேர் என்னை நாற்காலியில் வைத்துக் கீழே தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் ஊற்றடி என்று ஒரு வளைவு. அதற்கு மேல் முடியவில்லை. அங்கேதான் பிறந்தாள். எதிர்மலைக்கு மேலே வெயில் வரும்வரை இருந்தாள். பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை. அடுத்த மாதம் அவர் முதல் மனுவைச் சொன்னார், நான் எழுதினேன்.

பதினோரு மனுவுக்கும் பதில் கிடையாது. பன்னிரண்டாவது வருடம் என்ன நடந்தது என்பதுதான் கதை.

அந்த வருட அறுவடைக்கு ஊரே மேட்டுக் காட்டுக்குப் போய்விட்டது. மலைக்கு அந்தப் பக்கம் பத்து நாள் வேலை. திரும்பி வந்ததும் அவர் உப்பு எடுக்க அடிவாரம் போனார். சாயங்காலம் வந்தபோது முதுகில் உப்பு மூட்டை, அதன் மேல் ஒரு கல். நன்றாகச் செதுக்கிய நாலுமூலைக் கல், நம் முழங்கால் உயரம், இருபது கிலோவாவது இருக்கும். முகத்தில் சிவப்புச் சாயத்தில் 29 என்று எழுதியிருந்தது.

பாதையில் இந்த மாதிரி நிறையக் கிடக்கிறது, எல்லாம் மலைப்பக்கம்தான், பாவம் யாரோ தூக்க முடியாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார். ஒன்று இரண்டு என்று நம்பர் போட்டிருப்பதைப் பார்த்தால் விவரமான ஆள்தான், சாமான் தொலையக் கூடாது என்று எழுதியிருக்கிறார் என்றும் சொன்னார். நானும் ஆமாம் என்றேன். படித்தவள் அல்லவா.

அப்புறம் கேட்க வேண்டுமா. ஏறி வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒன்று தூக்கி வந்தார்கள். என் கொழுந்தன், அவருடைய தம்பி, உடம்பில் வலுவும் வாயில் நக்கலும் குறையாத ஆள். அவர் ஒரே நாளில் இரண்டு கொண்டுவந்தார். வந்ததும் விரலைக் காட்டித் திட்டினார். "கல்லை வச்சவனுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா அண்ணி? அடியில ரெண்டு கல்லு வைக்கத் தெரியல. தோலு உரிஞ்சு போச்சு. இவனெல்லாம் மாளிகை கட்டி என்ன பண்ணப் போறான்?"

ஒன்பதே நாளில் அறுபத்து நான்கு கல்லும் பள்ளிக்கூடத்து முன்னால் அடுக்காக நின்றன. அதற்கு மேல் பாதையில் கல் இல்லை. உடையவர் வருவார் என்று காத்திருந்தோம். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. சும்மா கிடக்கிற பொருள்மேல் யாருக்கும் கை போகத்தானே செய்யும். தச்சர் ஒன்றை எடுத்துப் போய் ஆணி நிமிர்த்த வைத்துக்கொண்டார். வாத்தியார் கரும்பலகைக்கு முட்டுக் கொடுத்தார். என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, இரண்டைத் துணி துவைக்க வைத்துக்கொண்டாள். ஒன்று சோப்புப் போட, ஒன்று அடித்துத் துவைக்க. எங்கள் வாசலிலும் இரண்டு இருந்தன, உட்கார. உடையவர் வந்து கேட்டால் உடனே கொடுத்துவிடுவது என்று எல்லாரும் பேசி வைத்துக்கொண்டோம்.

ஒரு சனிக்கிழமை தபால்காரர் கடிதம் கொண்டுவந்தார். வாரத்துக்கு ஒரு முறைதான் அவர் ஏறுவார். நீளக் கவர், மேலே முத்திரை. வாசலில் உட்கார்ந்து நான் வாசித்தேன். என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து கேட்டார்.

தங்களுடைய பதினோரு மனுக்களும் பரிசீலிக்கப்பட்டன என்று இருந்தது. அதற்கே அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மேலே வாசித்தேன். அடிவாரத்திலிருந்து ஊர்வரை ரோடு போகும் வழி அளக்கப்பட்டுவிட்டது. ஐநூறு அடிக்கு ஒன்றாக அறுபத்து நான்கு அளவுக் கற்கள் அந்தந்த இடத்தில் வைக்கப்பட்டுள்ளன. வருகிற வியாழக்கிழமை தலைமைப் பொறியாளர் நேரில் வந்து கற்களைப் பார்வையிடுவார். கற்கள் உரிய இடத்தில் இல்லாவிட்டால், அல்லது ஊராருக்கு ஆட்சேபம் இருப்பதாகத் தெரிந்தால், இந்த ரோடு எதிர்மலைக்கு மாற்றப்படும். அந்த ஊராரும் கேட்டிருக்கிறார்கள்.

நான் வாசிப்பதை நிறுத்தினேன். அவர் கண்ணைத் திறந்தார். குனிந்து தன் கால்களுக்கு நடுவே எழுதியிருந்த 29ஐப் பார்த்தார். பிறகு நான் உட்கார்ந்திருந்த கல்லைப் பார்த்தார். அது பதினேழு.

"நீ எந்திரி" என்றார்.

"ஏங்க?"

"ரோட்டு மேல உட்கார்ந்திருக்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமா அது. ஆனால் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஊற்றடியில் வெயில் வந்த அந்தக் காலையில் அவர் முகம் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. என் சிரிப்பு அங்கேயே நின்றுபோயிற்று.

அன்றைக்கே பள்ளிக்கூடத்தில் ஊர் கூடியது. கடிதத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன். அவர் எழுந்து, முதல் கல்லைத் தூக்கி வந்தது நான், தப்பு என்னுடையது என்றார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை, எல்லாருமே தூக்கியவர்கள். கொழுந்தன் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"பதினோரு வருஷமா ரோடு வரல வரலன்னு அழுதீங்க. வந்துச்சு. நாமளே பாய் மாதிரி சுருட்டித் தூக்கிட்டு வந்துட்டோம்."

கூட்டம் சிரித்ததில் பாரம் கொஞ்சம் இறங்கியது. தச்சர், நாலு நாள் இருக்கிறதே, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டால் ஆயிற்று என்றார். எடுத்த இடம் எதுவென்று எப்படித் தெரியும் என்று வாத்தியார் கேட்டார். அளந்தவர்கள் கல்லைச் சுற்றித் தரையில் சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தார்கள், அது நடுவில் பெய்த மழையில் போய்விட்டது. ஆனால் வாத்தியார் புத்தகக் கட்டைத் தவிர சுமை தூக்காத மனிதர், அதனால்தான் அப்படிக் கேட்டார். இருபது கிலோவைக் குனிந்து எடுத்த இடம் யாருக்காவது மறக்குமா?

மனு எழுதுகிற நோட்டை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். எங்கள் பாதையில் நூறு அடிக்கு ஒரு பெயர் உண்டு. பேச்சு நின்ற மேடு. அதுவரை வம்பளந்துகொண்டு வருகிறவர்கள் அங்கே வாயை மூடுவார்கள். முதுகு சொறியும் மரம். பொய் உச்சி, வெளியாள் அங்கே வந்ததும் ஊர் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவான், இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும். ஒருத்தி, முப்பத்தொன்று தன்னுடையது, மரத்துக்குக் கீழே எடுத்தேன் என்றாள். இன்னொருத்தி, அது எப்படி, மரத்துக்குக் கீழே எடுத்தது நான், என்னுடையது முப்பத்திரண்டு என்றாள். ஒரு மணி நேரம் அதிலேயே போயிற்று. கடைசியில் ஒருத்தி மரத்துக்கு இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம் என்று தெரிந்தது. நல்லவேளை, நம்பர் வரிசையாக இருந்ததால் பிழைத்தோம். சாயங்காலத்துக்குள் அறுபத்து நான்குக்கும் இடம் எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் இன்னொரு சங்கடம் தெரிந்தது. சுமையோடு இறங்க எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. கீழே போகிற சாமான் என்றால் கம்பளியும் தேனும்தான், கனமே இருக்காது. ஏறுகிறபோது முன்னால் சாய வேண்டும், இறங்குகிறபோது பின்னால் சாய வேண்டும். பழக்கம் விடுமா? எல்லாரும் முன்னால் சாய்ந்து ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். மலையையே தோளில் தூக்கி வளர்ந்த ஆட்கள், நடை பழகும் குழந்தை மாதிரி ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கொழுந்தன் நாற்பத்தேழாம் கல்லோடு வழுக்கினார். அவர் பாதையில் நின்றுகொண்டார், கல் நிற்கவில்லை.

திரும்பி வந்து என்னிடம் சொன்னார். "போயிடுச்சு அண்ணி. பள்ளத்துல ரொம்ப நேரம் சத்தம் கேட்டுச்சு. நான் பதில் பேசல."

எங்கள் கிணற்றடியில் கிட்டத்தட்ட அதே அளவில் ஒரு கல் இருந்தது. தச்சர் அதன் மூலையைத் தட்டிச் சரி செய்தார். பள்ளிக்கூடத்துச் சிவப்பு மையில் நான் 47 என்று எழுதினேன்.

திங்கள் மாலைக்குள் நாற்பது கல் போய்ச் சேர்ந்துவிட்டன. ஊர் கொஞ்சம் மூச்சு விட்டது. அப்போது, கடிதம் வரும் முன்பே அடிவாரத்துச் சந்தைக்குப் போயிருந்த நாலு பேர் திரும்பி வந்தார்கள். ஆளுக்கு ஒரு கல். வழியெல்லாம் மறுபடியும் கல்லு கிடக்குது, அந்த மனுஷனுக்கு இன்னொரு லோடு வந்திருக்கு போல என்று மகிழ்ச்சியாகச் சொன்னார்கள். பாராட்டுவோம் என்று நினைத்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கல்மேல் உட்கார இனி அவருக்குத் துணிவில்லை.

அன்றைக்கு அவர் வீடு வீடாகப் போய் ஒரு உத்தரவு போட்டார். வியாழக்கிழமை வரை யாரும் பாதையில் எந்தக் கல்லையும் தொடக்கூடாது. வெறுங்கையோடுதான் ஏறி வர வேண்டும். கல்லைக் கீழே கொண்டுபோவதைவிட அதுதான் ஊருக்குக் கஷ்டமாக இருந்தது. வெறுங்கையோடு ஊருக்குள் நுழைய ஒவ்வொருவருக்கும் கூச்சம். தச்சர் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு வந்தார். கொழுந்தன் ஒரு காலிச் சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். என் ஓரகத்தி கையை முதலில் முன்னால் கட்டினாள், பிறகு பின்னால் கட்டினாள்.

"கையை எங்க வைக்கறதுன்னே தெரியல அக்கா. யாரோ திட்டி அனுப்பின மாதிரி இருக்கு" என்றாள்.

புதன்கிழமை மிஞ்சியது ஒரு கல், இருபத்தொன்பது. அதை அவர் யாரையும் தொட விடவில்லை. நானும் கூட இறங்கினேன். ஊற்றடிக்கு வந்ததும் நின்றார். நோட்டில் 29க்கு நேரே அவர் சொல்லி நான் எழுதியிருந்தது "பாதி வழி" என்று மட்டும்தான். அந்த இடத்தின் பெயரை அவர் சொல்லியிருக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

"அன்னைக்கு முதுகுல மூட்டை இருந்துச்சு" என்றார். "இருபத்தெட்டு கல்லைப் பார்த்துட்டு, கை ஒழிஞ்சவங்க எடுத்துக்கட்டும்னு விட்டுட்டுத்தான் வந்தேன். இது இங்க கிடந்துச்சு. இங்க ஒரு சுமை கிடக்கறதைப் பார்த்துட்டு விட்டுட்டு வர மனசு வரல."

சரிவில் தேடி ஒரே அளவில் இரண்டு சின்னக் கல் பொறுக்கி வைத்தேன். அவர் அதன்மேல் மெதுவாக இறக்கினார். ஊற்றில் கை கழுவினோம். ஏறும்போது இரண்டு பேர் கையும் காலி. அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்தன்றுகூட அப்படி ஏற முடியவில்லையே, அடுப்பு குறுக்கே இருந்தது என்றேன். அப்போது சிரித்தார்.

வியாழக்கிழமை தலைமைப் பொறியாளர் வந்தார். கனத்த உடம்பு, வெயில் தொப்பி, கையில் ஒரு தோல் பை. கூடவே இரண்டு உதவியாளர்கள். என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் அடிவாரத்துக்கே போய் அழைத்து வந்தார்கள். அந்த ஏற்றத்தில் நடந்ததை என் வீட்டுக்காரர் பின்னால் எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பொறியாளர் ஒவ்வொரு கல்லுக்கும் நின்றார். ஒவ்வொரு கல்லின் அடியையும் குனிந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். ஒன்றும் கேட்காத அதிகாரியைப் போலப் பயமுறுத்தும் ஜென்மம் உலகத்தில் இல்லை என்பார் என் வீட்டுக்காரர். நாற்பத்தேழாம் கல்லிடம் ரொம்ப நேரம் நின்றாராம். கொழுந்தன் வானத்தைப் பார்த்தாராம்.

பொய் உச்சிக்கு வந்ததும் பொறியாளர் சந்தோஷப்பட்டார். இன்னும் முக்கால் மணி நேரம் என்று கேட்டதும் பையைக் கீழே வைத்தார். உருண்டு பள்ளத்தில் விழுந்துவிடக் கூடாதே என்று மலைப்பக்கமாக வைத்தார். பக்கத்து ஓடைக்குப் பாலம் எங்கே வரும் என்று காட்ட எல்லாரும் சற்றுத் தள்ளிப் போனார்கள். திரும்பி வந்தபோது பை இல்லை.

உதவியாளர்கள் என் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையே சரியில்லை. ரோட்டு ஃபைல் முழுக்க அதில்தான் இருக்கிறது என்றார் பொறியாளர், முகம் சிவந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு நடந்தது புரிந்துவிட்டது.

"சார், பை மேல போயிருக்கும்" என்றார்.

"தானாவா?"

"கிட்டத்தட்ட."

ஊருக்குள் அவர்கள் நுழைந்தபோது நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்து முன்னால் நின்றுகொண்டிருந்தோம். நடுவில் அந்தப் பை. பக்கத்தில் என் ஓரகத்தி, மூன்று நாளுக்கப்புறம் முகத்தில் களையோடு. என் வீட்டுக்காரர் அவளை முறைத்தார்.

"கல்லைத்தான தொடக்கூடாதுன்னு சொன்னீங்க மாமா. இது தோலு" என்றாள்.

பொறியாளர் பையைத் தூக்கவில்லை. குனிந்து அதன் அடியைப் பார்த்தார். இரண்டு கூழாங்கல்மேல் பை நேராக உட்கார்ந்திருந்தது. தொப்பியைக் கழற்றினார்.

"கீழேருந்து பார்த்துட்டு வரேன். அறுபத்து நாலு கல்லுக்கும் அடியில இதே மாதிரி ரெண்டு ரெண்டு. எங்க ஆளுங்க இவ்வளவு பதமா எதையும் வைக்க மாட்டாங்க" என்றார். பிறகு எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். "கல்லையெல்லாம் இங்க தூக்கிட்டு வந்தது யாரு?"

என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "நான்தான் சார். ஊர்ல யாருக்கும் ஆட்சேபம் கிடையாது. ரோடு வேணும்னு கேட்டதே நான்தான். தப்பும் நான்தான் பண்ணினேன்."

"அறுபத்து நாலையுமா?"

"முதல் கல்லு நான். என்னைப் பார்த்துத்தான் மத்தவங்க."

மலைப்பக்கம், பள்ளத்துப் பக்கம், விரல் நுழைகிற இடம் எல்லாவற்றையும் அவர் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவரை அப்படி நிற்கவிட்டு எங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கொழுந்தன், "ஒன்பது என்னோடது சார்" என்றார். தச்சர் நாலு என்றார். அவ்வளவுதான், கரை உடைந்துவிட்டது. எனக்கு மூணு, எனக்கு அஞ்சு, நான் உப்போட சேர்த்து ரெண்டு என்று நாலு பக்கமும் கிளம்பியது. குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவர்கள் பெருமை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் ஓரகத்தி எட்டு என்றாள். ஏழுதான், நோட்டில் இருக்கிறது.

பொறியாளர் கையமர்த்தினார். பையைத் திறந்து ஃபைலை எடுத்தார். மேலே கட்டாக எங்கள் மனுக்கள். பதினொன்றும் இருந்தன, ஒன்றுகூடத் தொலையவில்லை. ஒரு தேதியைக் காட்டி, இந்த எழுத்து யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன்.

"நாற்பத்தேழாம் கல்லும் நீங்க எழுதினதுதானே? வளைஞ்ச காலோட இந்த மாதிரி ஏழு வேற யாரும் போட்டு நான் பார்த்ததில்ல."

கல் பள்ளத்தில் போன கதையைக் கொழுந்தனே சொன்னார். பொறியாளர் சிரித்தார். அதுவரை அடக்கி வைத்திருந்தார் போல. உட்கார இடம் தேடுகிற அளவுக்குச் சிரித்தார். இடம் எங்கே இருக்கிறது, எல்லாம்தான் கீழே போய்விட்டதே. வாத்தியார் ஓடிப்போய் பெஞ்சு கொண்டுவந்தார்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்து, கற்களைத் திருப்பி வைக்க எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டார். நாலு நாள் என்றார் என் வீட்டுக்காரர். பொறியாளர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். இந்த மாதிரி மலைகளில் ரோடு நின்றுபோவது ஒரே காரணத்தால்தான் என்று பிறகு சொன்னார். ரோடு வருவதற்கு முன்னால் ரோட்டுச் சாமானைத் தூக்கி வர ஆள் கிடைப்பதில்லையாம். எதிர்மலையில் கல்லை வைத்துவிட்டு வந்த கூலியாட்களே அடுத்த நாள் வரவில்லையாம். சொல்லிக்கொண்டே கடைசித் தாளைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார்.

"ஒரே நிபந்தனை" என்றார். "அடுத்த வாரம் கல்லை நடறதுக்கு சிமென்ட் மூட்டை வரும். எந்தக் கல்லுக்கு எத்தனைன்னு மேல எழுதியிருப்போம். தயவு செஞ்சு அதை ஊருக்குக் கொண்டு வந்துடாதீங்க."

கொண்டு வரவில்லை, நாலு மூட்டையைத் தவிர. அதுவும் பழக்க தோஷம்தான். அன்றைக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள்.

மூன்று வருடத்தில் ரோடு முடிந்தது. அந்த வருடமே என் ஓரகத்திக்கு வலி கண்டது. ஜீப்பில் முக்கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. பெண் குழந்தை. ஊற்றடி தாண்டும்போது என் வீட்டுக்காரர் ஜீப்பின் பக்கக் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். கொழுந்தன் பிற்பாடு ஒரு வேன் வாங்கினார். அறுபத்து நான்கு கற்களும் இன்றைக்கும் ரோட்டோரத்தில் நிற்கின்றன. நாற்பத்தேழாம் கல்லில் என் எழுத்து வெளுத்துப்போயிற்று, ஆனால் தெரியும். மனு எழுதுவது அவருக்கு விட்டுப்போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு வாத்தியார், ஊருக்கு ஒரு நர்சு என்று பத்தொன்பது வருடம் சண்டைக்குக் கூப்பிட்டார். நானும் தண்ணீர் விட்டுக்கொண்டேயிருந்தேன்.

போன வருடம், குளிர் தொடங்குகிற சமயத்தில் அவர் ஆறு நாள் கீழே ஆஸ்பத்திரியில் இருந்தார். ஏழாம் நாள் காலையில் கொழுந்தன் வேனில் நாங்கள் அவரை ஊருக்குக் கொண்டுவந்தோம். அடிவாரத்துக் கொட்டகைக்கு எதிரே கொழுந்தன் வேனை நிறுத்தினார். என் பக்கம் திரும்பவில்லை. ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அண்ணி, கொட்டகையில ரெண்டு மூட்டை உப்பு இருக்கு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெஞ்சும் வந்து கிடக்கு. இப்ப வேண்டாம்னா அப்புறம் வந்து எடுத்துக்கறேன்."

"ஏத்துங்க தம்பி" என்றேன். "வெறும் வண்டியா போனா உங்க அண்ணன் கோவிச்சுக்குவார்."

அவர் பக்கத்திலேயே மூட்டைகளை ஏற்றினார்கள். பெஞ்சின் ஒரு முனை என் மடிமேல் இருந்தது. பேச்சு நின்ற மேடு, ஊற்றடி, முதுகு சொறியும் மரம், பொய் உச்சி என்று வேன் ஒவ்வொன்றாகத் தாண்டி ஏறியது.

பள்ளிக்கூடத்து முன்னால் ஊர் முழுக்க நின்றது. முதலில் பெஞ்சை இறக்கினார்கள், பிறகு உப்பை. பிறகு நாலு பேர் அவரைத் தூக்கினார்கள். இறக்கப் போகும்போது கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர் குனிந்து, அந்த இடத்தில் தலைமாட்டில் இரண்டும் கால்மாட்டில் இரண்டுமாகக் கல் வைத்தார். அடுத்துத் தூக்குகிறவர்களுக்கு விரல் நுழைய இடம் வேண்டுமல்லவா.